பத்தொன்பது கராஜ்களில் குழாய் போட்டவர்

எங்கள் ஊரில் பத்தொன்பது கராஜ்களில் அவர் போட்ட தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் எண்ணியிருக்கிறேன். கராஜ் என்று பெயரே தவிர, அந்தப் பத்தொன்பதில் கார் நின்றவை மூன்றுதான். மற்றவை முழுக்க முழுக்கச் சமைக்கிற குசினிகள்.

டென்மார்க்கில் வீடுகளின் அடுப்படி வரவேற்பறையோடு ஒட்டியே இருக்கும். மீன் பொரித்தால் மணம் கதிரைத் துணியில் ஏறும், திரைச்சீலையில் ஏறும், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஜாக்கெட்டில் ஏறும். அதனால் எங்கள் ஊரான பிரெடெரிசியாவில் வீடு வாங்கிய தமிழ் ஆட்கள் கார் விடுகிற இடத்தில் இரண்டாவது அடுப்பொன்றை வைத்தார்கள். அடுப்பு வந்ததும் கழுவுவதற்கு ஒரு தொட்டி தேவைப்பட்டது. தொட்டி வந்ததும் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீருக்கு எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அந்தப் பத்தொன்பது வீட்டுக்காரருக்கும் யாரென்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். கட்டையான ஆள், இடக்கையர். மனைவி பின்னிக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியை ஒக்டோபரில் போட்டால் ஏப்ரலில்தான் கழற்றுவார். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. முன்னொரு காலத்தில் இரண்டு வருடம் ஒரு டேனிஷ் குழாய்த் தொழிலாளியோடு சனிக்கிழமைகளில் கூடப்போய்ப் பழகியவர். அவரிடம் தொழில் இருந்தது, அனுமதிப் பத்திரம் இல்லை. எங்களில் யாரும் அதைக் கேட்டதுமில்லை.

கராஜ் என்பது ஹீட்டர் இல்லாத இடம். வீட்டுக்குள் இருக்கும் குழாய் உறைவதில்லை. ஆனால் சலவை மெஷின் அறையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு கராஜுக்குள் போகும் குழாய்க்கு வெளியே அடிக்கும் அத்தனை குளிரும் தெரியும். பூச்சியத்துக்குக் கீழே ஆறு, ஏழு என்று இரண்டு இரவு நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் கட்டியாகும். கட்டியானால் பெருக்கும். பெருத்தால் குழாய் வெடிக்கும். நாங்கள் வெயிலில் வளர்ந்தவர்கள். தண்ணீர் ஆவியாகிப் போவதைப் பார்த்திருக்கிறோம், இரும்பைக் கிழிப்பதைப் பார்த்ததில்லை.

அவருக்கு இருந்த குணம் ஒன்றே ஒன்றுதான். தான் போட்ட குழாயைப் பிறர் பொறுப்பில் விடமாட்டார். வானிலை அறிக்கையில் முதல் தடவையாகப் பூச்சியத்துக்குக் கீழே மூன்று என்று வந்தால், அன்று பின்னேரமே சைக்கிளை எடுப்பார். அறிவிப்பெல்லாம் கிடையாது. முன்கூடையில் ஒரு ரோஸ் நிற ஹெயார் டிரையர், ஒரு துவாய், ஒரு சிவப்புக் கம்பளி நூல்பந்து. நாளுக்கு ஐந்து வீடு, கடைசி நாள் நான்கு. நான்கு நாளில் பத்தொன்பதையும் முடிப்பார்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சலவை மெஷின் அறைக்குப் போவார். அங்கே கராஜுக்குத் தண்ணீர் விடும் வால்வு இருக்கும். அதைப் பூட்டுவார். பிறகு கராஜுக்குப் போய்த் தொட்டியின் மேலுள்ள பைப்பைத் திறப்பார். உள்ளே நின்ற தண்ணீர் ஓடி வடியும். வடிந்து முடிந்த பிறகும் போகமாட்டார். குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"முடிஞ்சுதுதானே, தேத்தண்ணி குடிக்க வாரும்" என்று நான் சொன்னால், "பொறுங்கோ மாஸ்டர். தண்ணி ஒளிச்சு நிக்கும்" என்பார்.

அதனால்தான் அவர் குழாயை மட்டமாகப் போடுவதில்லை. பைப் பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கும். "தண்ணிக்குப் படுக்க இடம் குடுக்கக் கூடாது" என்பது அவருடைய விளக்கம். வடித்த பிறகு பைப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு, திரும்பிவந்து வால்வின் கைப்பிடியில் சிவப்பு நூலைக் கட்டுவார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. ஏப்ரலில் அவர் வந்து அவிழ்க்கும் வரை யாரும் வால்வில் கைவைக்கக் கூடாது என்பது அதன் பொருள்.

சைவக்காரர் வீடுகளில் இது பெரிய பகிடி. "வேதக்காரன் வந்து எங்கட வீட்டில காப்புக் கட்டிப்போட்டுப் போறான்" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "ஓம் அண்ணை, ஆறு மாசத்துக்கு மச்ச மாமிசம் சாப்பிடலாம், வால்வை மட்டும் திறக்கக் கூடாது."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரு தடவை. ஒரு வீட்டில் அவருக்குக் காத்திராமல் தாங்களாகவே வால்வைத் திறந்து தண்ணீரை விட, குழாய் உறைந்துபோயிற்று. வீட்டுக்காரர் காஸ் டோர்ச்சை எடுத்துக் குழாயின் நடுவில் நெருப்புப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் முழுவதும் மரப்பலகைச் சுவர். இவர் உள்ளே வந்ததும் வராததுமாக அந்த டோர்ச்சைப் பறித்து வெளியே பனியில் எறிந்தார்.

"என்னடா செய்யிறாய்? வீட்டைக் கொளுத்தப் போறியோ?"

"உருக்கத்தானே வேணும்?"

"நடுவில உருக்கினா அந்தத் தண்ணி எங்க போறது? ரெண்டு பக்கமும் ஐஸ். வாசலைத் திறந்து வைச்சிட்டுத்தான் படுத்திருக்கிற ஆளை எழுப்ப வேணும்."

பிறகு முதலில் வால்வைப் பூட்டினார். பைப்பைத் திறந்தார். அந்தப் பைப்பின் வாயிலிருந்து தொடங்கி, ஹெயார் டிரையரை ஒரு சாண் ஒரு சாணாகப் பின்னோக்கி நகர்த்தினார். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. முதலில் ஒரு சொட்டு, பிறகு நூல் மாதிரி, பிறகு ஐஸ் துண்டுகளோடு ஒரு துப்பல். அவர் வீட்டுக்காரரின் தோளில் தட்டி, "இனிமேல் நெருப்பெடுத்தா உன்ர மீசையைத்தான் முதல் உருக்குவன்" என்றார். கோபம் அவ்வளவோடு சரி.

இன்னொருவர் குடும்பத்தோடு டிசம்பரில் யாழ்ப்பாணம் போனார். ஊரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது மெயின் சுவிட்சை நிற்பாட்டுவோம் அல்லவா, அதே பழக்கத்தில் இங்கேயும் எல்லா ஹீட்டரையும் பூச்சியத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். சிக்கனமாக நடந்துகொண்டதாக விமான நிலையத்தில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். செய்தி எங்கள் ஆட்கள் கூடும் மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து இவர் காதுக்கு வந்தது. உடனே யாழ்ப்பாணத்துக்கு போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையின் சத்தம் எனக்கும் கேட்டது.

"என்ர வீட்டை நான் நிப்பாட்டுவன், உமக்கு என்ன காணும்?"

"அண்ணை, வீடு உங்கட. குழாய் என்ர."

"கோவிலில நிக்கிறன், பிறகு எடும்!"

"நீங்கள் கும்பிடுங்கோ. ஆனா வீடு பதினைஞ்சு பாகையில நிக்க வேணும். கராஜ்க் குழாய் மட்டுமில்லை, குசினி, குளியலறை, எல்லாம் வெடிக்கும். திறப்பு ஆரிட்ட?"

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மாவிடம் இருந்தது. வாசலில் கம்பளித் தொப்பியும் ரோஸ் நிற ஹெயார் டிரையருமாக நின்றவரைப் பார்த்து, முடி வெட்ட வந்தவரா என்று அந்த அம்மா கேட்டாராம். இவர் தனக்குத் தெரிந்த டேனிஷில் அரை மணித்தியாலம் விளக்கித் திறப்பை வாங்கினார். உள்ளே எல்லா ஹீட்டரையும் இரண்டில் வைத்தார். வெளிச்சுவரோடு இருக்கும் தொட்டிகளுக்குக் கீழே அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டார், அறைச் சூடு குழாயைத் தொடட்டும் என்று. வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை மூன்று நாளுக்கொரு தடவை போய்ப் பார்த்தார். நன்றி என்று அந்த மனிதர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நான் ஊரில் பதினான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவன், அதனால்தான் மாஸ்டர். இங்கே இருபத்திரண்டு வருடம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நின்றேன். எதையும் எண்ணாவிட்டால் எனக்கு நித்திரை வராது. என் கராஜில் அவர் போட்ட குழாய் நான்கு மீற்றர் அறுபது. ஒன்பது கிளிப். சரிவு ஐந்து சென்ரிமீற்றர். அவர் போன பிறகு மட்டப்பலகை வைத்து அளந்தேன். அளந்ததை அடுத்த நாள் அவரிடம் சொன்னேன், குறை சொல்வது மாதிரி. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"பத்தொன்பது வீட்டிலயும் நீங்கள் ஒருத்தர்தான் மாஸ்டர் அளந்து பாத்தனீங்கள்."

அதற்குப் பிறகு நான்கு நாள் சுற்றில் என் வீட்டைக் கடைசியாக வைப்பார். முடித்துவிட்டு இருந்து தேத்தண்ணீர் குடிப்பதற்காக. என் மனைவி இறந்த பிறகு என் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்த ஆட்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம்.

இனிச் சொல்லவேண்டியது ஏழு குளிர்காலங்களுக்கு முன் நடந்தது.

என் மகள் தலைநகருக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறாள். அந்த வருடம் அவள் ஒரே பல்லவி: "அப்பா, வீட்டை வித்துட்டு எங்களோட வாங்கோ. இல்லாட்டி முதியோர் குடியிருப்புக்கு எழுதுவம். உங்களுக்கு மறதி வந்துட்டுது." அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அடுப்பை நிற்பாட்டாமல் கடைக்குப் போனேன், இரண்டு தடவை. இரண்டையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். அந்தக் குணம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

டிசம்பர் கடைசியில் அவள் குடும்பத்தோடு வந்தாள். அவளுக்கு ஒடியற்கூழ் என்றால் உயிர். மீன், நண்டு, இறால், மரவள்ளி எல்லாம் போட்டுக் கராஜில் பெரிய பானை வைத்தேன். அவர் மூன்று வாரத்துக்கு முன்பே வந்து வடித்து, நூல் கட்டிவிட்டுப் போயிருந்தார். தண்ணீரை வீட்டுக் குசினியிலிருந்து கேத்தலில் சுமந்தேன். பதினொரு நடை. பன்னிரண்டாவது நடையில் முழங்கால் மறுத்துவிட்டது. சலவை மெஷின் அறையில் நின்றேன். வெளியே அன்று குளிர் அவ்வளவு இல்லை, பூச்சியத்துக்கு மேலே இரண்டு. நூலை அவிழ்த்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வால்வைத் திறந்தேன். பின்னேரம் பானையைக் கழுவினேன். பைப்பை இறுக்கிப் பூட்டினேன். நாளைக்கு அடுப்பையும் கழுவவேண்டும், அதன் பிறகு வால்வைப் பூட்டி வடிப்போம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை மகள், "எங்களோட வந்து நாலு நாள் நில்லுங்கோ" என்றாள். போனேன். அல்பர்ட்ஸ்லுண்டில் பேரப்பிள்ளைகளோடு சீட்டு விளையாடினேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த வெப்பமானியில் மூன்று காலையும் பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று காட்டியது. எண்ணைப் பார்த்தேன். மூன்று தடவையும் பார்த்தேன். வால்வு நினைவுக்கு வரவில்லை. நான்காம் நாள் மழை பெய்து குளிர் விட்டது.

மகள்தான் காரில் கொண்டுவந்து விட்டாள். அவள் பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தபோதே சத்தம் கேட்டது. ஈரம் காலில் பட்டது. கராஜுக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே உள்ள சுவர் பாதி உயரத்துக்குக் கறுத்திருந்தது. மரத்தளம் வயிறு மாதிரி உப்பியிருந்தது. ஓடிப்போய் வால்வைப் பூட்டினேன். எந்த மனிதனும் முதலில் செய்யவேண்டியது அதுதான், அவர் சொல்லித்தந்தது. சத்தம் நின்றது.

அந்த வால்வைப் பூட்டும் வரை நடந்தது மறதி. அதன் பிறகு நடந்தது மறதி அல்ல.

அதே சேட்டுத்தான் போட்டிருந்தேன், பையில் நூல் இருந்தது. அதை எடுத்து வால்வில் கட்டினேன். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. பிறகு கராஜுக்குப் போய்த் தொட்டிப் பைப்பைத் திறந்துவைத்தேன், அவர் விட்டுப்போன மாதிரியே. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மகள் உள்ளே வந்து, "ஐயோ அப்பா, என்ன இது?" என்று கத்தியபோது நான் அவருக்கு போன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் பதினேழு நிமிடத்தில் வந்தார். மழையில் நனைந்து தொப்பியிலிருந்து தண்ணீர் வடிந்தது. குழாயைப் பார்த்தார். ஆறாவது கிளிப்புக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. சலவை மெஷின் அறைக்குப் போனார். நூலைப் பார்த்தார். வால்வைத் தொட்டார். 

"மாஸ்டர், இதைத் திறந்தனீங்களோ?"

மகள் என்னைப் பார்த்தாள். மூன்றாவது என்று அவள் மனதுக்குள் எண்ணப்போவது எனக்குத் தெரிந்தது.

"இல்லை."

"ஒருக்காத் தன்னும்?"

"இல்லை எண்டுறன்."

அவர் தலையாட்டினார். "அப்ப வால்வு பிடிக்கேல்லை. பூட்டின பிறகும் தண்ணி கசிஞ்சு போயிருக்கு. நான் கவனிக்கேல்லை. என்ர பிழை."

"பரவாயில்லை அங்கிள், ஆருக்கும் நடக்கும்தானே" என்றாள் மகள்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு நடக்கக் கூடாது."

இரண்டு நாளில் காப்புறுதிக் கம்பனிக்காரர் வந்தார். சுவரில் ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, குழாயைப் போட்டது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற குழாய்க்காரரே முன்னால் வந்து, "நான். அனுமதி இல்லாதவன். பிழை என்னுடையது" என்று டேனிஷில் சொன்னார். அந்த வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கவேண்டும். அவ்வளவு திருத்தமாக அவர் டேனிஷ் பேசி நான் கேட்டதில்லை.

என் வீட்டு வால்வைக் கழற்றி நூலோடு பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதே வாரம் மற்றப் பதினெட்டு வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் தான் கட்டிய நூலைத் தானே அறுத்தார். "மாஸ்டர் வீட்டில என்ர வால்வு பிழைச்சுப்போச்சு. இனி என்ர வேலையை நம்பாதேங்கோ. அனுமதி உள்ள ஆளைக் கூப்பிட்டு மாத்துங்கோ" என்று சொன்னார். சிலர் மாற்றினார்கள். சிலர் குழாயை அடைத்துவிட்டுத் திரும்பவும் வாளியில் சுமந்தார்கள். பொங்கல் விழாவில் ஒருவர் மண்டபம் கேட்கச் சொன்னார்: "வேதக்காரன்ர காப்பு அறுந்துபோச்சு!" நாற்பது பேராவது சிரித்திருப்பார்கள். நான் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே மூன்று வந்தது. யார் வாசலிலும் சைக்கிள் நிற்கவில்லை.

அதன் பிறகு அவரை நான் இருபத்தாறு தடவை நேருக்கு நேர் கண்டேன். கடையில், பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீடுகளில், செத்தவீடுகளில். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பார்.

"சுவர் காய்ஞ்சிட்டுதோ, மாஸ்டர்?"

மூன்றாம் வருடத்திலும் கேட்டார். ஐந்தாம் வருடத்திலும் கேட்டார். "ஓம், காய்ஞ்சிட்டுது" என்பேன். "அப்ப நல்லம்" என்று போய்விடுவார். முதல் வருடம் மகளுக்குப் பயந்து சொல்லவில்லை. இரண்டாம் வருடம், முதல் வருடம் சொல்லாததற்கு வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அதன் பிறகு வந்த வருடங்களுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

போன வசந்தத்தில் அவர் காலமானார். இருதயம். இறுதிப் பூசைக்கு நூற்று நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு கிழமை கழித்து அவருடைய மனைவி போன் எடுத்தார். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்கள் எழுதத் தெரிஞ்ச ஆள், மாஸ்டர். அவருக்கு உங்களில சரியான மதிப்பு. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பதிலும் அவர் நல்லவர், உதவி செய்பவர், சிரித்த முகம் என்றுதான் வந்தது. ஒன்பதாவதையும் கிழித்துவிட்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அந்த அம்மா சோபாவில் இருந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றியவுடனேயே, இருக்காமல், நின்றபடி சொன்னேன். கேத்தல், பன்னிரண்டாவது நடை, வால்வு, நூல், பைப், இல்லை என்று இரண்டு தடவை சொன்னது, எல்லாம்.

பின்னுகிற ஊசிகள் நிற்கவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

"எனக்குத் தெரியும், மாஸ்டர்."

"அவர் சொன்னவரோ?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது. வால்வைக் கொண்டுவந்து மேசையில வைச்ச அண்டைக்கே நான் பாத்தனான். அது என்ர நூல். ஆயிரம் தரம் அவர் கட்டினதைப் பாத்திருக்கிறன். மூண்டு சுத்து, ரெண்டு முடிச்சு, கணக்குச் சரி. ஆனா அவர் இடக்கையர். அவற்ர சுத்து மற்றப் பக்கம் போகும்."

எண்ணிக்கையில் நான் பிழைவிடவில்லை. திசையை எண்ண முடியாது.

"அவரிட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். அண்டைக்குத்தான் எனக்கு முதல்முதல் கத்தினவர். 'மாஸ்டர் பொய் சொல்லமாட்டார், ஆரேன் பிள்ளையள் நூலோட விளையாடியிருப்பினம், நீ மனுசரில பழி போடாதை' எண்டு. நாலு நாள் என்னோட கதைக்கேல்லை."

நான் அப்போதுதான் கதிரையில் இருந்தேன்.

"ரெண்டு குளிர்காலம் அதைச் சோதிச்சவர்" என்றார் அந்த அம்மா. "குளிக்கிற இடத்தில ஷவர்க் குழாயில பூட்டி, வால்வை மூடி, கீழ ஒரு கடதாசி விரிச்சு வைப்பார். வேலைக்குப் போட்டு வந்து பாப்பார். காஞ்சபடி கிடக்கும். திருப்பியும் வைப்பார். எங்கயாவது ஒரு சொட்டு விழுந்திருந்தா அந்த மனுசன் நிம்மதியாப் படுத்திருக்கும். ஒரு நாளும் விழேல்லை. எந்த இடத்தில பிழை விட்டனான் எண்டு தெரியாமலே போயிட்டார். காஞ்ச கடதாசியைக் கையில வைச்சுக்கொண்டு அழுத மனுசனை நான் பாத்தனான்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை."

"என்னட்ட ஏன் கேக்கிறியள்? நானோ குழாய் போட்டது?" ஊசியைக் கீழே வைத்தார். "அவர் பதினெட்டு வீட்டுப் படியும் ஏறித் தன்னைத்தானே குறைச்சுச் சொல்லிப்போட்டு வந்தவர். நீங்களும் ஏறிச் சொல்லுங்கோ. மலருக்கு ஒண்டும் எழுத வேண்டாம்."

அந்தப் பதினெட்டில் நான்கு குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. மூன்று வீடு விற்றாயிற்று. மிச்சம் பதினொன்று. இந்த இலையுதிர்காலத்தில் ஒவ்வொன்றாகப் போனேன்.

முதல் வீட்டில், பொங்கல் விழாவில் பகிடி விட்ட அதே ஆள். தேத்தண்ணீர் தந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த மனுசன்ர பேரைக் காப்பாத்த நீங்கள் பழியைத் தலையில போடுறியள். உங்களை மாதிரி ஆக்கள் இப்ப இல்லை, மாஸ்டர்."

"நான் உண்மையாத்தான் சொல்லுறன். வால்வைத் திறந்தது நான்."

"விளங்குது, விளங்குது. அவரும் நல்ல மனுசன்தான். கைவேலைதான் கொஞ்சம் அப்பிடி இப்பிடி."

இரண்டாவது வீட்டிலும் அதுதான். மூன்றாவது வீட்டுப் பெண் கண்கலங்கி, தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, என்னைப்போல் நடக்கவேண்டும் என்று சொன்னாள். அவர்கள் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார்கள். ஆறாவது வீட்டில், "மாஸ்டருக்கு இப்ப எத்தினை வயசு?" என்று கணவன் மனைவியைக் கேட்டார், எனக்குக் கேட்காதென்று நினைத்து. நான் இல்லை என்று சொன்ன ஒரு சொல்லை ஊர் முழுக்க ஒரு கிழமையில் நம்பியது. ஓம் என்பதைப் பதினொரு வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

மகளுக்கும் சொன்னேன். அவளிடம் சொல்வதற்குத்தான் மிகவும் பயந்திருந்தேன். வீடு போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். அவள் அமைதியாகக் கேட்டாள்.

"அப்பா, நான் பக்கத்தில நிண்டனான். நீங்கள் தெளிவா இல்லை எண்டு சொன்னனீங்கள். நூல் கட்டினபடி இருந்தது, நானே பாத்தனான். இப்ப உங்களுக்கு எல்லாம் குழம்புது." பிறகு குரலைத் தாழ்த்தி, "டொக்டரிட்ட ஒரு நாள் எடுக்கட்டோ?" என்றாள்.

பதினொன்றையும் முடித்துவிட்டு அவருடைய மனைவிக்கு போன் எடுத்தேன்.

"எல்லா வீட்டிலயும் சொன்னனீங்களோ?"

"பதினொண்டிலயும் சொன்னன்."

"நம்பிச்சினமோ?"

"இல்லைப் பிள்ளை. என்னை நல்லவன் எண்டுகினம்."

மறுமுனையில் பின்னுகிற ஊசிகளின் சத்தம் கேட்டது. 

"அப்ப திருப்பிப் போங்கோ, மாஸ்டர்."

நேற்று இரண்டாவது தடவையாக முதல் வீட்டுக்குப் போனேன். வாசலில் கார் நின்றது. மணியை மூன்று தடவை அடித்தேன். ஜன்னல் திரை ஒரு சாண் விலகியது, பிறகு மூடிக்கொண்டது. கதவு திறக்கவில்லை.